'எம்' பொத்தானை யார் தொடலாம்

"இண்டைக்கும் கணக்குப் பிழைச்சுப்போச்சு" என்றார் மனேச்சர் ராஜரத்தினம். "உங்கட மகளின்ர நெல்லுக்குள்ள யோகலிங்கத்தின்ர நெல்லு விழுந்து கிடக்கு."

வீரையா முதுகிலிருந்த மூட்டையை இறக்க மறந்து நின்றார். புதுக்குடியிருப்பு நெல் களஞ்சியத்தில் தராசு இரண்டு, கல்குலேற்றர் ஒன்று. போர்த்தடையால் பற்றரி வன்னிக்குள் வராத காலம். அந்தக் கல்குலேற்றர் வெயிலில் ஓடுகிற சாதி. ஒரு தராசில் மகள் ராஜினி, மற்றதில் யோகலிங்கம். கணக்கை நினைவில் வைக்கிற 'எம்' (M) பொத்தானை அமத்தினால் நிறை உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். அமத்தியது யார் என்று அதற்குத் தெரியாது. பிழைத்த நாளெல்லாம் இருவரும் பொழுதுபடும்வரை இருந்து திருப்பிக் கணக்குப் பார்த்தார்கள். இனியும் பிழைத்தால் ராஜினிக்கு வேலையில்லை என்றுவிட்டார் மனேச்சர்.

மகளும் மூட்டை சுமக்கவா? முதியோர் வகுப்பில் படித்த எழுத்தையெல்லாம் திரட்டி வீரையா ஓர் அட்டை எழுதிச் சுவரில் மாட்டினார்: 'கூட்டல், பெருக்கல் ஆளுக்காள் மாறிச் செய்யலாம், பயமில்லை. எம் பொத்தான், ஒருவர் முடிக்குமட்டும் மற்றவர் தொடக் கூடாது.'

அன்று பிழை இன்னும் கூடியது. அட்டை கண்ணில் படவில்லை என்றார்கள், அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு.

பிறகு ஒரு தடிக்குச் சிவப்புத் துணி கட்டிவைத்தார். தடி வைத்திருப்பவர்தான் எம்மைத் தொடலாம். மத்தியானம் பார்த்தால் தடி ராஜினியிடம், கல்குலேற்றர் யோகலிங்கத்திடம்.

"தடியைத் தரச்சொல்லுங்கோ, ஐயா."

"முதல்ல அவர் அதைத் தரட்டும், அப்பா."

நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் றோட்டுவரை நின்றன. உள்ளே இருவருக்கும் அவசரமில்லை.

கடைசியில் வீரையாவே மனேச்சரிடம் போனார். இரண்டு பேர் தொடுவதால்தானே வில்லங்கம், ஒருவரை வேறிடம் அனுப்பினால் என்ன என்றார். நெடுங்கேணிக் களஞ்சியத்தில் ஆள் தேவைப்பட்டது. யோகலிங்கம் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான்.

அதன்பிறகு ஒரு பிழையுமில்லை. மனேச்சர் வீரையாவின் யோசனையை வாயாரப் புகழ்ந்தார். ராஜினி வேளைக்கே வீட்டுக்கு வந்தாள். வந்து, சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

களஞ்சியத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஞானேஸ்வரியிடம் வீரையா சொல்லி ஆறினார். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தும் பிள்ளை முகம் கொடுத்துக் கதைக்கிறாளில்லை.

ஞானேஸ்வரி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"பிழை விட்டாத்தானே அண்ணை, ரெண்டுபேரும் பொழுதுபடுமட்டும் பக்கத்தில பக்கத்தில இருக்கலாம்."