நாற்பத்திரண்டு பேருக்குச் சமமான பையன்

“ஒரே ஒரு பையனுக்கு நாப்பத்திரண்டு பேரோட எடையா? இதுல நான் கையெழுத்துப்…”

“போடும்மா! ஒப்பந்தத்துல என்ன இருக்கோ அதைத்தானே…”

“நாளைக்கு மாட்டப்போறது நான்தானே, மேனேஜர்!”

தைவானின் சாங்ஹுவாவில் கட்சி வேட்பாளர் சாய் என்பவரா, ஷூ என்பவரா என்பதைத் தொலைபேசிக் கணிப்புதான் தீர்மானிக்கும். நாலு மணிக்கு முடிவு. பக்கத்து அறையில் இரு தரப்பு ஆட்களும் ஊலாங் தேநீரை ஆறவிட்டுக் காத்திருந்தார்கள். கணிப்பு நிறுவனத்தில் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவள் துவான் பெய்-ரூ.

வீட்டுப் போனை எடுப்பதெல்லாம் வயதானவர்கள். அதில் தப்பித் தவறி ஓர் இளசு அகப்பட்டால், ஊரிலுள்ள மற்ற இளசுகளுக்கும் சேர்த்து அந்தப் பதிலைப் பெருக்கியாக வேண்டும். மலையோர ஊர் ஒன்றில் அகப்பட்டவன் ஒரே ஒருவன். வயது இருபத்திரண்டு. செல்போனே கிடையாதாம். அவன் சாயைச் சொல்லிவிட்டான். அந்த ஒருவனால் சாய் இருபத்தெட்டு ஓட்டில் முன்னிலை.

“எடையைக் கொஞ்சம் வெட்டட்டுமா?”

“வெட்டலாம்னு ஒப்பந்தத்துல இருக்கா?” மேனேஜர் லியாவ் சி-ஹோங் மேசையைத் தட்டினார்.

“அப்ப அதே ஊர்ல இன்னொரு இளசைத் தேடறேன். அதுக்கு இடமிருக்கே.”

முந்நூறு அழைப்புக்குப் பிறகு இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி கிடைத்தாள். செல்போனும் வைத்திருந்தாள். வீட்டுப் போன், செல்போன் என இரண்டு வழியிலும் அகப்படக்கூடியவள் என்பதால் அவனில் பாதி எடைதான் அவளுக்கு. நாற்பத்திரண்டு, அவனுக்கு இருபத்தெட்டும் அவளுக்குப் பதினாலுமாகப் பிரிந்தது. அவள் ஷூவைச் சொன்னாள்.

பெய்-ரூ கூட்டினாள். திரும்பக் கூட்டினாள். சாயும் ஷூவும் சரிசமம்.

“பாத்தியா? சும்மா இருந்ததைக் கிண்டிட்டே!”

மேனேஜர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

“அந்தப் பையன் நிஜமாவே இருக்கானா?” என்றாள் ஷூ தரப்புப் பெண்.

“எங்க ஓட்டுன்னா மட்டும் சந்தேகம் வருமே!” என்று எகிறினார் சாய் தரப்பு ஆள். “கூப்பிட்டே பாத்துடுங்க!”

“எதுக்குங்க, பாவம்! தூங்கிட்டிருப்பான்,” என்றார் மேனேஜர்.

“மத்தியானம் மூணரைக்கா?”

“இளசுங்கதானே!”

மணி மூன்று நாற்பது. பெய்-ரூ எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியைத் திறந்தாள். எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள்.

“வேய், யாருங்க?” சரளைக்கல்லில் வண்டி ஏறியது போல ஒரு குரல்.

“உங்க வயசுங்க?”

“இருபத்திரண்டு.”

“குரல் ஒரு மாதிரி…”

“சளி.”

ஷூ தரப்புப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பெய்-ரூ விடவில்லை. அங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு விலங்கு, பன்னிரண்டும் முறைவைத்துச் சுற்றி வரும். வயதில் பொய் சொல்கிறவர்கள், பிறந்த வருஷத்து விலங்கைக் கேட்டால் கட்டாயம் தடுமாறுவார்கள்.

“என்ன விலங்கு நீங்க?”

“குதிரை!” யோசிக்கக்கூட இல்லை.

அவள் விரல்விட்டு எண்ணினாள். இருபத்திரண்டு வயதென்றால் குதிரையேதான். சாய் தரப்பு ஆள் கைதட்டினார். பெய்-ரூ பேனாவைத் திறந்தாள்.

“போதுமா? நான்தான் அப்பவே சொன்னேனே!” என்று முழங்கினார் மேனேஜர்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“அட, ஆ-ஹோங் குரலாச்சே! நாப்பத்தெட்டு வயசு குறைச்சுச் சொன்னா விலங்கு மாறாதுன்னு நீ சொன்னது சரியாப் போச்சுடா, மருமகனே!”