ஊதப் போன மாப்பிள்ளை

"என்னது, உங்கப்பா இங்க வராரா?"

குகன் கையிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. பதறிப்போய் எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி விரலிடுக்கில் செருகிக்கொண்டான். அதை எப்போது வாங்கினான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. கேமரன் மலைப் பனியில் ஊறி ஊறிக் கோணிப்போயிருந்தது. இன்றுவரை நெருப்பின் முகத்தைப் பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலைல வராரு. உங்க பேக்டரி ஆளுங்க எல்லாருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் போடப் போறாராம்," என்றாள் சசிரேகா போனில். "ஏன், மாமனார் வந்தா சந்தோஷம்தானே லா?"

சந்தோஷமாவது மண்ணாவது! 

விஷயம் இதுதான். தேயிலைக்கு எந்த வாடையும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பேக்டரிக்குள் சிகரெட் வாடையே ஆகாது. ஊதுகிறவர்கள் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, கேட்டுக்கு வெளியே இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய் ஊதிவிட்டு, வாய் கொப்பளித்து, கை கழுவிவிட்டு வரலாம். ஒருத்தர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம், இல்லாவிட்டால் மெஷினை யார் பார்ப்பது? ஊதாத உத்தமர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். எஸ்டேட் நியாயம்.

சசிரேகாவோடு பேச குகனுக்கு வேறு நேரமே வாய்க்கவில்லை. பேக்டரிக்குள் போன் கூடாது. அவள் திரிங்காப்பில் ஒரு பூந்தோட்ட ஆபீசில் வேலை செய்கிறாள், வீட்டுக்குப் போய்விட்டாலோ அப்பாவின் காது பக்கத்திலேயே இருக்கும். ஆகவே குகன் ஊதுகிறவன் ஆனான். ஒரு பாக்கெட் வாங்கி வெளியே தெரிகிற மாதிரி சட்டைப்பையில் வைத்தான், அவ்வளவுதான். புகையே காணாத வாயை வருஷக்கணக்கில் ஒழுங்காகக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறான்.

சசிரேகாவின் அப்பா நல்லுசாமி, ரிங்லெட்டில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மனுசரை மனுசராகப் பார்க்கத் தெரியாதவர், ரிஸ்க்காகத்தான் பார்ப்பார். பெண் கேட்டுப் போனால் மற்ற அப்பாக்கள் சம்பளம் கேட்பார்கள். இவர் குகன் கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, இடுப்பை டேப் வைத்து அளந்தார்.

"மோட்டார் சைக்கிள் ஓட்டுவீங்களா தம்பி?"

"ஓட்டுவேன் மாமா."

"கோலா தெர்லா ரோட்டுலயா? காய்கறி லாரி பறக்கிற ரோடு. ரேட்டிங் கொஞ்சம் ஏறும், பரவால்ல. சிகரெட்டு?"

"பத்த வெச்சதே இல்ல மாமா."

பாருங்கள், பையன் பொய் சொல்லவில்லை.

"அப்ப சரி. புகையிலைன்னா கம்பெனி பிரீமியத்தை ஏத்தும். நான் ஆளையே மாத்திடுவேன்," என்று சொல்லித்தான் தை மாசத்தில் கல்யாணம் என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் குகனையும் நிற்க வைத்துக்கொண்டு, நல்லுசாமி ஏலக்காய் மென்றபடி கேட்டார். மேனேஜர் ரமணி கோலாலம்பூரில் படித்தவள். தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் துரை மேடம்.

"இங்க புகை பிடிக்கிறவங்க யார் யாரு மேடம்? அவங்களுக்கு ரேட்டு வேற."

"கந்தன், அகிலன்... அப்புறம் நம்ம குகன். மழையோ பனியோ, ஒரு நாள் தவறமாட்டான். பாவம், அவ்வளவு அடிமை."

ஏலக்காய் மெல்லுவது நின்றது.

"விட்டுட்டேன் மாமா!" என்று அலறினான் குகன்.

"எப்ப?"

"நேத்து."

"விட்டு ஒரு வருஷம் ஆனாத்தான் கம்பெனி ஊதாதவன்னு ஒத்துக்கும். அதுவரைக்கும் கல்யாணத்துக்கும் வெயிட்டிங் பீரியடு."

ஒரு வருஷமா? குகன் அவசரமாகப் பேச்சை மாற்றினான். "இல்ல மாமா, விட்டு ரெண்டு வருஷமாச்சு. நேத்துன்னு வாய் தவறி வந்துடுச்சு."

ரமணி கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப ரெண்டு வருஷமா கொட்டகைக்கு எதுக்குப் போறே?"

"மத்தவங்க ஊதுறதைப் பார்த்து மனசை அடக்கப் பழகுறேன் மேடம்."

"ஒவ்வொருத்தராத்தானே போறீங்க? யாரைப் பார்த்து?"

தகரத்தைப் பார்த்து என்று சொல்லலாமா என்று குகன் யோசித்தான். சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

"வாய்ப்பேச்சு எதுக்கு?" என்றார் நல்லுசாமி. "மூத்திர டெஸ்டு இருக்கு. புகையிலை இருந்தா அஞ்சு நிமிஷத்துல காட்டிக் கொடுத்திடும். நாளைக்கு கிளினிக் நர்சு மிஸ்ஸியைக் கூட்டிட்டு வரேன்."

"தாராளமா," என்றாள் ரமணி. "ஆனா குகன், டெஸ்டுல ஒண்ணும் இல்லன்னு வந்தா, ஊதுறேன்னு சொல்லி கம்பெனியை ஏமாத்தினதா அர்த்தம். வேலை போயிடும்."

புகையிலை இருந்தால் பெண் போச்சு, இல்லாவிட்டால் வேலை போச்சு. நல்ல மாட்டு மாட்டினான்!

சாயங்காலம் டிரையர் மெஷின் பார்க்கிற கந்தன் அவனைத் தேயிலை மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"தம்பி, அந்த டெஸ்டு மட்டும் வேணாம் லா. நீ எடுத்தா அப்புறம் எங்களையும் எடுக்கச் சொல்லுவாங்க. நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாதா?" கந்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை இருமிக் காட்டினார். "நாளைக்கு வயித்துப்போக்குன்னு சொல்லிப் படுத்துக்க."

குகன் அப்படியே படுத்துக்கொண்டான். அதுதான் வினையாகப் போனது. காலையில் நல்லுசாமியின் கார், மிஸ்ஸியையும் ஏற்றிக்கொண்டு, அவன் தங்கியிருந்த லயத்து வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

"வயித்துப்போக்கா? எத்தனை வருஷமா இருக்கு? வேற வியாதி எதையெல்லாம் மறைச்சீங்க? ஏறுங்க தம்பி வண்டியில!"

அங்கே ரமணிக்கும் சந்தேகம் முற்றிவிட்டது. "எல்லாருமா சேர்ந்து என்னமோ பண்றாங்க," என்று சொல்லி, ஊதுகிறவர்கள் அத்தனை பேரும் கொட்டகைக்கு வந்து டெஸ்டு எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். குகன் போய் இறங்கியபோது கந்தனும் அகிலனும் மற்றவர்களும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப்போடு வரிசையில் நின்றார்கள். கந்தன் பார்த்த பார்வையில் பச்சைத் தேயிலையே வாடிப்போகும்.

முதல் கப் குகனுடையது. மிஸ்ஸி டெஸ்டுப் பட்டையை முக்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"சுத்தம். புகையிலை துளிகூட இல்ல."

"மாப்ள!" நல்லுசாமி பாய்ந்து கட்டிக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்," என்றாள் ரமணி.

கட்டிக்கொண்ட கை மெல்லத் தளர்ந்தது. "வேலையில்லாத மாப்பிள்ளையா? அதுவும் ஹை ரிஸ்க்தான் தம்பி."

அடப்பாவி மனுசா!  இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஆமா மேடம், நான் ஒரு நாளும் ஊதினதில்ல. சசிரேகாகிட்ட பேசத்தான் இங்க வந்தேன். பகல்ல ரெண்டு தடவை அவ குரலைக் கேக்கலன்னா எனக்கு மெஷினும் ஓடாது, கையும் ஓடாது. ஏமாத்தினது தப்புதான், வேலையை எடுத்துக்குங்க. ஆனா மாமா, அவ இல்லாம என்னால முடியாது, சத்தியமா முடியாது."

மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரமணி மட்டும் அசையவில்லை. "பாவம், மத்தவங்க பழக்கத்தை விட முடியாம தவிக்கிறாங்க, நீ மட்டும் நடிச்சிருக்கே," என்று சொல்லிவிட்டு, கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகா ராஜுவைக் கூப்பிட்டாள்.

"ராஜு, நாள் பூரா நீ இங்கதானே நிக்கிறே. இந்தக் கொட்டகையில ஊதாம ஏமாத்தினது இவன் ஒருத்தன்தானே?"

ராஜு தலையைச் சொறிந்தான். "அதை எப்படி மேடம் சொல்றது? கந்தண்ணன் வந்தா படுத்துத் தூங்குவாரு, அகிலன் போன்ல கேரம் ஆடுவான், மத்தவங்க வடை தின்னுட்டுப் போவாங்க. கொட்டகை கட்டினதிலேர்ந்து இங்க நெசமா பத்த வெச்சு ஊதினது ஒரே ஒருத்தருதான். நேத்து உங்க ரூமுலேர்ந்து வேகமா வந்தாரே, இந்த இன்சூரன்ஸ் சாரு!"