பத்தாவிக் கப்பலில் மாமாவுக்கு ஒரு பலகை

மகாராஜராஜஸ்ரீ மாமா செங்கல்வராயன் அவர்கள் சமுகத்துக்கு, பழவேற்காட்டுக் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கிற உலாந்தா தேசத்து வெள்ளைக்காரக் கும்பினிக் கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து, தங்கள் தங்கை மகன் துளசிங்கம் சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நான் க்ஷேமமாக இல்லை. அவ்விடத்தில் தாங்களும், ஆரம்பாக்கத்து மகள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லோகநாயகி அத்தையும், இந்தக் கடுதாசியைப் பிரிக்கும் வரைக்குமாவது க்ஷேமமாக இருக்கக் கன்னியம்மன் அருள்புரிவாளாக.

மாமா, பள்ளிக்கூடத்து வாத்தியார் கடுதாசி எழுதறதுல இதுவரைக்கும்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. மிச்சத்தைச் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள நான் கூரையைப் பிரிச்சிக்கினு ஓடிட்டேன். அதனால இதுக்கு மேல பேசற மாதிரியேதான் வரும், கோச்சுக்காத. விஷயம் இன்னான்னா, கப்பல் நாளைக்குக் கிளம்பல. இன்னைக்கே கிளம்புது. காலையில காத்து திரும்பிடுச்சு, கப்பித்தான் தொரை ஒரு விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பாத்தாரு, மத்தியானம் பாய் ஏத்தணும்னு சொல்லிட்டாரு. உனக்குன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிவெச்ச பலகையில இப்போ நான் குந்திக்கினு இருக்கேன். நான் எழுந்தா, ஆள் இல்லாத இடம்னு அங்க துணி மூட்டையைப் போட்டுடுவாங்க, ஏற்கெனவே ரெண்டு மூட்டை வாசல்ல நின்னு என்னையே பாத்துக்கினு இருக்குது. நான் எழுந்திரிக்கலன்னா என்னைக் கடலுக்கு அந்தாண்ட ஜாவாத் தீவுல இருக்கற பத்தாவிக்குக் கொண்டு போயிடுவாங்க. நீ உடனே வரணும். துபாசி சந்தியாகு கடைசி சலங்குப் படகுல கரைக்குப் போறாரு, அவர் கையில இதைக் குடுத்தனுப்பறேன். அவர் ஏரியைத் தாண்டி ஆரம்பாக்கம் வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும், கப்பல் மத்தியானமே போயிடும், இந்தக் கணக்கு எனக்கே உதைக்குது. ஆனா கணக்கு வாத்தியார்கிட்ட இருந்துதான் நான் மொதல்ல ஓடினேன், இப்போ அவரைக் குத்தம் சொல்லி இன்னா ஆவப்போவுது. கடைசி மூட்டை ஏறுற வரைக்கும் எனக்கு நேரம் கிடக்குது. அதனால எப்படி இப்படி ஆச்சுன்னு ஒழுங்கா எழுதிடறேன், நீ என்னை அடிக்கும்போது காரணம் தெரிஞ்சு அடிக்கலாம்.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல அலையில சலங்கு தள்ளியே உன் முதுகு வளைஞ்சுபோச்சு மாமா. தொரைங்க பூட்ஸு நனையக்கூடாதுன்னு அவங்களைத் தோள்ல தூக்கிக்கினு போய் ஏத்தி உடுவ. ஒருநாள் கரையில துடுப்பைக் குத்திவெச்சுட்டு நீ சொன்னது எனக்கு இன்னமும் காதுல இருக்குது. “எத்தினி பேரை ஏத்தி உட்டிருக்கேன். ஒரு தபா என்னை எவனாவது ஏத்தி உடக்கூடாதாடா? வேலையை உட்ட அன்னிக்குப் பத்தாவி போய்ட்டு வரணும். சரக்கு வாங்க இல்ல, கூலிக்கு இல்ல. சும்மா. காலை நீட்டிக்கினு.” கடல்ல சும்மா போறதுன்னா இன்னான்னு நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் புரியல. சந்தியாகுவுக்கும் புரியல, ஆனா துபாசின்னா புரியாததையும் மொழிபெயர்க்கணுமே, அதனால கப்பித்தான் தொரைகிட்டப் போய்ச் சொன்னாரு. வியாபாரமான்னு கேட்டாரு தொரை, இல்லன்னோம். வேலையா, இல்ல. ஊர்ல யாரையாவது வெட்டிட்டானா, அதுவும் இல்ல. அப்புறம் எதுக்குன்னு கேட்டப்போ நீ தலையைச் சொறிஞ்சுக்கினு, “பாக்கத்தான்”னு சொன்ன. தொரை சிரிச்சாரு, ஆனா ஒத்துக்கினாரு. பாய் அடுக்கற அறை ஓரமா ஒரு பலகை, தலைமாட்டுல வட்டமா ஒரு ஓட்டை, அதுதான் இடம். ரெண்டு மழை கழிச்சு அவர் திரும்பி வரும்போது கப்பல்காரங்க தின்ன ஒரு சலங்கு நெறைய கருவாடு குடுக்கணும்னு பேச்சு.

இந்தப் பெரிய வேலையை என்கிட்ட ஏன் ஒப்படைச்சன்னு ஊரே கேட்டுது. நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தை உட்டேன், கோட்டையில எழுத்தர்கிட்ட சேந்து மை காயறதுக்குள்ள உட்டேன், சாயப்பட்டறையில கையை நனைச்சேன், அதுல நீலம் போறதுக்கு முன்னாடி நானே போயிட்டேன். நீ மட்டும்தான், “அவனாண்ட நேரம் இருக்குதுப்பா, வேற எவனாண்ட இருக்குது”ன்னு சொன்ன. என் வாழ்க்கையிலேயே என்னைப் பாராட்டி ஒருத்தர் சொன்ன வார்த்தை அதுதான் மாமா. பாராட்டுதானான்னு அப்புறமா நிறைய நாள் யோசிச்சேன்.

உன்னைப் பயணியா ஆக்கறதுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமா. சும்மா குந்திப் பழகணும்னு உன்னை நம்ம தோணியிலேயே நடுவுல உக்கார வெச்சு, உன் மக புருசனைத் துடுப்பு போடச் சொன்னோம். ஏரியில ஒரு வலை வீச்சு தூரம் போறதுக்குள்ள, “இன்னாடா மாவு கிண்டற, குத்திப் போடுடா”ன்னு நீ அவன் துடுப்பைப் பிடுங்கிட்ட. மறுநாள் உன் கையை இடுப்புல கட்டிவெச்சேன். அப்போ வாயால ஓட்டின. கடைசியில பேஜாராகி அவன், மாமனார் இருந்தா நான் தண்ணியில இறங்கமாட்டேன்னு போயிட்டான். சும்மா இருக்கறதுன்னா எவ்ளோ கஷ்டமான வேலைன்னு அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுது, என்மேல கொஞ்சம் மரியாதையும் வந்துச்சு.

கருவாடுதான் பத்தல. ரெண்டு வருஷமா அத்தை வெயில்ல நின்னு, காக்கா வெரட்டி, உப்புல கை வெந்து காயவெச்சது முக்கா சலங்குதான் வந்துச்சு. மிச்சத்துக்குத்தான் நான் என் மூளையைக் கழட்டி எடுத்தேன். ஊர்ப் பெரியதனம் கோதண்டம்கிட்டப் போய், ஆளுக்கொரு கூடை போடுங்க, மாமா பயணத்துல எல்லாருக்கும் பங்கு உண்டுன்னு சொன்னேன். நான் நெனைச்சது, நீ வரும்போது கிராம்பு, சாதிக்காய்னு ஆளுக்கு ஒரு பிடி குடுப்பன்னு. ஆனா பங்குன்னா நம்ம ஊருக்கு இன்னா தெரியும்? ஏரியில ஒரே இடத்துல எல்லாரும் வலை போட்டா சண்டை வரும்னு சீட்டுப் போட்டு, இன்னைக்கு ஒருத்தன், நாளைக்கு அடுத்தவன்னு முறை வெச்சிருக்கோமே, அந்தப் பாடுதான் தெரியும். கப்பல் வந்து நங்கூரம் போட்ட அன்னைக்குக் கோதண்டம் ஓலைச்சீட்டும் குடமுமா வந்து நிக்கறாரு. பன்னெண்டு கூடை, பன்னெண்டு பேரு, ஆளுக்கொரு நாள் பலகைன்றாரு. கப்பல் நடுக்கடல்ல போகும்போது எப்படி ஆள் மாத்துவீங்கன்னு கேட்டேன். “அது உன் கவலை. நீதானே ஏற்பாடு பண்ண”ன்னாரு. நல்லவேளை, கப்பல்ல ஏத்தவேண்டிய துணி வண்ணார் துறையில காயாம கப்பல் நின்னுக்கினே இருந்துச்சு. அதனால தினம் ஒருத்தர் காலையில கப்பல் ஏறி, பலகையில குந்தி, சாயங்காலம் இறங்கி வந்தாங்க.

அப்பப்பா, வந்தவங்க பேச்சைக் கேக்கணுமே. கோதண்டம் ஓட்டை வழியா நம்ம ஊரையே ஒரு பகல் பூரா பாத்துட்டு வந்து, “அந்தப் பக்கத்து சனங்க ரொம்ப ஏழைங்கப்பா”ன்னு பரிதாபப்பட்டாரு. தேசப்பன் பொறந்ததுல இருந்து கடல்லயே கிடக்கற ஆளு, நின்ன கப்பல்ல சும்மா குந்தினதுல வாந்தி எடுத்துட்டாரு. இறங்கினப்புறம் ரெண்டு நாள் கரை ஆடுதுன்னு சுவத்தைப் பிடிச்சிக்கினு நடந்தாரு. ஒருத்தர் கப்பல் பிஸ்கோத்துல பல்லை உட்டாரு. இன்னொருத்தர் கப்பல் கக்கூஸைப் பத்தி ஊரைக் கூட்டிச் சொன்ன கதையைக் கடுதாசியில எழுத முடியாது. ஒருத்தர்கூட ஒரு முழம் தூரம் போகல, ஆனா எல்லாரும் போய்வந்த களைப்புல திரிஞ்சாங்க.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பன்னெண்டு பேரு சீட்டோட உன்னுதையும் குடத்துல போடும்போது அந்த ஓலையை என் விரலிடுக்குல வெச்சுக்கினு கடைசியாத்தான் எடுத்தேன். எல்லாரும் போய்வந்தப்புறம் உன் முறை வரட்டும், அன்னைக்குப் பாய் ஏறட்டும்னு. என் கில்லாடித்தனத்துல இது ஒண்ணுதான் சரியா வந்துச்சு. சீட்டெல்லாம் எடுத்து முடிச்சப்போ அத்தை கருவாட்டுக் கூடையைக் கீழ வெச்சுட்டு, எல்லாருக்கும் பங்கு வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துச்சும்மான்னாரு கோதண்டம். அத்தை புடவையை மூட்டை கட்டிக்கினு ஆரம்பாக்கத்துக்குத் தோணி ஏறிட்டாங்க. உன்னைப் பிரியற துக்கம்னு ஊரே உச்சு கொட்டுச்சு. நீயும், அவ மொகத்தைப் பாக்காம ஏறமாட்டேன்னு பின்னாடியே போன. நாள் கிடக்குது மாமா, நிதானமா சமாதானம் பண்ணிட்டு வான்னு அனுப்பிவெச்ச நாயி நான்தான். பன்னெண்டாவது சீட்டு, உனக்கு முந்தின நாள் முறை, அதுவும் என்னுதுதான். அதான் இங்க குந்திக்கினு இருக்கேன்.

இப்போ மேல சங்கிலி இழுக்கற சத்தம் கேக்குது. ஓட்டை வழியா எட்டிப் பாத்தா ஊரு தெரியுது, கோதண்டம் சொன்னாப்போல ரொம்ப ஏழை ஊருதான். இந்த ஊரை உட்டுப் போவணும், போவணும்னு நான் கத்தாத நாளே இல்ல, உனக்கே தெரியும். இப்போ போறதுக்குக் கப்பலே வந்து பலகையும் குடுத்திருக்குது, நான் கீழ கடைசி சலங்கு இன்னும் நிக்குதான்னு தேடறேன். இதையும் பாதியில உட்டுடலாமான்னு பாக்கறேன், ஆனா எழுந்தா உன் இடம் போயிடும். நான் உடாம புடிச்சிக்கினு இருக்கற மொத வேலை இதுதான் மாமா. பத்தாவி வரைக்கும் புடிச்சிக்கினு போவேன். அங்க இறங்கி உனக்காக எல்லாத்தையும் பாத்துட்டு வந்து அச்சு அசலா சொல்றேன். அது போதாதுன்னு தெரியும்.

அத்தையிடமும், மகளிடமும், துடுப்பைப் பறிகொடுத்த மருமகனிடமும் என் நமஸ்காரங்களைச் சொல்லவும். தங்கள் கை நீட்டி ஆசீர்வதிக்கவும், அடிக்க வேண்டுமானால் நான் திரும்பும் வரை அதே கையைப் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பலகையை விட்டு எழாத,
துளசிங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதினது எதுவும் செல்லாது. மடிச்சு சந்தியாகு கையில குடுக்கும்போது ஓட்டை வழியா பாத்தா ஒரு தோணி வருது. இனிமே துடுப்பைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ண நீ வெறிபுடிச்சாப்போல துடுப்பு போடற. நடுவுல அத்தை காலை நீட்டிக்கினு தொரைசானி மாதிரி குந்திக்கினு வர்றாங்க. விடியக்காலம் அடுப்புப் புகை மறுபக்கம் சாயறதைப் பாத்து, எழுந்திரி, உன் கப்பல் கிளம்புதுன்னு உன்னை ஒதைச்சு எழுப்பினதே அவங்கதானாம். நூலேணியில மொதல்ல ஏறினதும் அவங்கதான். நேரா வந்தாங்க, எழுந்திரிடான்னாங்க, எழுந்தேன். பலகையில குந்தி ஓட்டை வழியா ஒரு தபா பாத்தாங்க.

“பன்னெண்டு ஆம்பளைங்க வந்து குந்திட்டுப் போனீங்க. கருவாடு காயவெச்சது யாரு? ரெண்டு வருசத்துல ஒருத்தனாவது உனக்கும் பங்கு வோணுமா லோகநாயகின்னு கேட்டானா? இது என் பாடு. நான் போறேன்.”

இவங்க எதுக்குப் போறாங்கன்னு தொரை கேட்டாரு. பாக்கத்தான்னாரு சந்தியாகு, இந்தத் தபா ஒரே மூச்சுல. நீ இங்க நின்னு சண்டை போடுவன்னு பாத்தா உன்னைக் காணோம். மேல போய், கப்பல்காரனுங்க சங்கிலி இழுக்கற லட்சணம் பொறுக்காம நடுவுல புகுந்து இழுத்துக்கினு இருக்க. தொரை உன்னைப் பாத்துட்டு, இந்த ஆளுக்கு இடம் வேணாம், வேலை குடுன்னுட்டாராம். சும்மா போறதுக்கு ரெண்டு வருஷம் முன்கூட்டியே சொல்லிவெச்சோம், கூலிக்குப் போறதுக்குக் கண்ணை மூடித் தொறக்கற நேரம்தான் ஆச்சு. அத்தை மொகத்துல இப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்ல. உன் மொகத்துலயும்தான்.

இந்தக் கலாட்டாவுல சந்தியாகுவை உட்டுட்டுக் கடைசி சலங்கு போயிடுச்சு. கீழ உன் தோணி காலியா ஆடிக்கினு இருக்குது. சந்தியாகுவுக்கு நாலு பாஷை தெரியும், துடுப்பு தெரியாது. அதனால இந்தக் கடுதாசியை அத்தை மூட்டையில சொருவிட்டு, அவரை ஏத்திக்கினு கரைக்குப் போக நான் இறங்கறேன், பத்தாவியில யாராவது உனக்குப் படிச்சுக் காட்டட்டும். நீ மேல கத்தற கத்தல்ல என் குரல் உனக்குக் கேக்கல, அதான் எழுதிக் கேக்கறேன்: கரைகிட்டப் போகும்போது பின்னாடி அலை தூக்கினா துடுப்பை எந்தப் பக்கம் போடணும்? அடுத்த கப்பல்ல பதில் அனுப்பு. அதுவரைக்கும் குத்துமதிப்பா ஓட்டிக்கறேன்.