கப்பல் கட்டணம் இறங்கிய வரலாறு

கப்பலில் ஏறுவதற்குப் பணம் இருந்தால் போதும். கட்டணம் குறையும்வரை ஏறாமல் இருப்பதற்குத்தான் அறிவும் பொறுமையும், வீட்டில் உள்ளவர்களுக்குப் பதில் சொல்லும் திறமையும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவர்கள் பூமியில் நாஞ்சில் நாட்டில் மட்டுமே இருக்கிறார்கள் என்பதை, 'நாஞ்சில் உல்லாசக் கப்பல் சலுகைப் பயணிகள் பேரவை'யின் செயலாளர் கிருஷ்ணமணி ஆகிய நான், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு நினைவோடு பதிவு செய்கிறேன்.

பேரவை தோன்றக் காரணம் என் மனைவி தாணம்மாள். நான் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மாதம், கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஒரு கோரிக்கை வைத்தாள்.

"கரையில நின்னு கடலப் பாத்தது போதும். ஒருக்கா கடல்ல நின்னு நம்ம ஊரப் பாக்கணும்."

முப்பத்து நான்கு வருட மணவாழ்க்கையில் அவள் தனக்கென்று கேட்டது அனேகமாக இது ஒன்றுதான். எந்தக் கோப்பையும் நானாக முடிவு செய்யும் கெட்ட பழக்கம் எனக்கு இல்லாததால், மேல் நடவடிக்கைக்காகப் பக்கத்து வீட்டு வைகுண்டராஜனிடம் கொண்டுபோனேன்.

வைகுண்டராஜன் வடசேரியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்காதவர். எந்த டைல்ஸையும் சொன்ன விலைக்குக் கீழே விற்காதவர். விலை என்பதன் இரண்டு பக்கங்களையும் அறிந்த அந்த மேதை, கொச்சியிலிருந்து புறப்படும் கப்பலின் கட்டணத்தைக் கேட்டதும் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அவசரப்படாதயும் வே. குறையும்" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான் பேரவை கட்டப்பட்டது. அவர் தலைவர், நான் செயலாளர். இரண்டே மாதத்தில் முப்பத்தெட்டு உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். கூட்டங்கள் டைல்ஸ் கடை மாடியில் நடந்தன. நாற்காலி போதாதபோது, மாதிரிக்கு வைத்திருந்த கழிவறைப் பீங்கான்களின் மேல் அமர்ந்து உறுப்பினர்கள் சிந்தித்தார்கள்.

சிந்தனையின் பலன் பெரிது. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் மாதங்களில் கட்டணம் குறையும் என்றும், பரீட்சை நெருங்க நெருங்க இன்னும் குறையும் என்றும் கண்டுபிடித்தோம். பண்டிகை, புத்தாண்டு, கோடை விடுமுறை என்றால் கிட்டே போகக்கூடாது. புறப்படச் சில வாரங்களே இருக்கும்போது அறைகள் விற்காமல் கிடந்தால் விலை சரியும். பதிவு செய்த பிறகு குறைந்தாலும், முழுத் தொகை கட்டும் நாளுக்கு முன்னால் கேட்டால் வித்தியாசத்தைக் கழித்துக்கொள்வார்கள். கப்பல் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு ஒரேயடியாக இடம் மாறும்போது, வெறுங்கப்பலாகப் போக மனமில்லாமல், அந்த ஒருவழிப் பயணத்தை மலிவாகத் தருவார்கள். ஜன்னல் இல்லாத அறை எல்லாவற்றிலும் மலிவு. கூட்டமாகப் போனால் கூட்டத்தின் தலைவருக்கு இலவசம். இந்தக் கடைசிச் செய்தியைத் தலைவர் என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு உடனே கிளம்பியிருப்போம் என்று அவசரக்காரர்கள் நினைக்கலாம். முதல் வருடம் கட்டணம் இருபது சதவீதம் இறங்கியது. "இருவது எறங்கினது நாப்பது எறங்காமலா போகும்" என்று தலைவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காத்திருந்தோம். மறுவருடம் நாற்பது இறங்கியது. தலைவர் முகம் இருண்டது. "நாப்பது எறக்குகான்னா கப்பலுக்கு என்னமோ கோளாறு இருக்குவே" என்றார். பேரவை ஒருமனதாகப் பயந்தது. அந்தக் கப்பல் ஒரு கோளாறும் இல்லாமல் போய்த் திரும்பி வந்த செய்தியை, எங்கள் எச்சரிக்கை உணர்வுக்குச் சான்றாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

இப்படி இரண்டரை வருடம் வெற்றிகரமாகக் கரையிலேயே இருந்தோம். இதற்கிடையில் தாணம்மாளுக்கு முழங்காலில் வலி கண்டது. ஒருநாள் எனக்குக் காபி வைத்துவிட்டு, "இனி அது குறையட்டும்னு நிண்ணா எனக்க முட்டு படி ஏறாது, பாத்துக்கிடுங்க" என்றாள். அதே வாரம், கோடை விடுமுறை முடியும் மே மாதக் கடைசியில் ஒரு கப்பல் கொச்சியை விட்டுக் கொழும்பு வழியாகச் சென்னைக்கு இடம் மாறுவதாகவும், கட்டணம் பாதிக்குப் பாதி என்றும் அறிவிப்பு வந்தது. மனைவியின் முழங்காலைக் காரணம் காட்டி நான் வைத்த தீர்மானம், எட்டு மணி நேர விவாதத்துக்குப் பின் நிறைவேறியது.

பத்தொன்பது தம்பதிகள் கிளம்பினோம். பதினெட்டு அறைகள் கப்பலின் கீழ்த்தளத்தில், ஒரே நடைபாதையில், ஜன்னல் இல்லாமல் அமைந்தன. "அறைக்குள்ள கடல் எதுக்குவே? அது வெளியில கெடக்கு" என்று தலைவர் விளக்கினார். தலைவருக்கு மட்டும் கம்பெனி இலவசமாகக் கொடுத்த அறை மேல்தளத்தில் இருந்தது. பேரவையின் கௌரவத்தை முன்னிட்டு, அதிலிருந்த பால்கனியை அவர் நான்கு நாளும் சகித்துக்கொண்டார்.

எங்கள் பதினெட்டு அறைகளையும் பார்த்துக்கொள்ளும் பணியாளர் ஒருவர்தான். முப்பது வயது இருக்கும். துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், நடைபாதையில் எங்கள் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பெயர் ஸ்டெனி. ஊர், எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள இனயம். ஆறு வருடமாகக் கப்பலில் இருந்தும் நாகர்கோவில் பேச்சு இந்த நடைபாதையில் கேட்டதில்லை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், சலுகை கிடைத்த எங்கள் உறுப்பினர் முகத்தில்கூட நான் பார்த்திராதது.

அதன் பிறகு ஸ்டெனி செய்ததெல்லாம் விதிப்படி செய்ய வேண்டியவை அல்ல. கப்பல் கொச்சியைத் தாண்டியதும் பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். பதினெட்டு அறைக்கும் அவர் ஒருவராக ஓடினார். தன் அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய்க் குப்பியை எடுத்துவந்து, ஆளுக்கொரு துண்டு நாக்கில் வைக்கச் சொன்னார். குப்பி காலியானது. துவாலையை மடித்துக் கட்டில்மேல் யானையும் கொக்கும் செய்து வைத்தார். தாணம்மாளின் முழங்காலுக்கு எங்கிருந்தோ சுடுநீர்ப் பை கொண்டுவந்தார். அவள் அவரிடம் தன் கோரிக்கையைச் சொல்லியிருக்கிறாள். இரண்டரை வருடம், பதினான்கு கூட்டங்கள், அறுபது தீர்மானங்கள் எடுத்துக்கொண்ட அந்தக் கோப்பை ஸ்டெனி ஒரே வரியில் முடித்தார்: "காலையில அஞ்சே முக்காலுக்கு ரெடியா இரிங்க அம்மா."

விடியற்காலையில் தன் ஓய்வு நேரத்தில் வந்து எங்களைப் படிகளைத் தவிர்த்து வேலையாட்களின் லிஃப்ட் வழியாக மேல்தளத்துக்குக் கூட்டிப்போனார். அந்தத் தளத்துக்கு அவர் வரக்கூடாதாம். கதவுக்குள்ளேயே நின்றபடி கையை நீட்டிக் காட்டினார். வெகு தூரத்தில், மங்கலான நீலத்தில் ஒரு மலைவரிசை. அதற்குக் கீழே ஊர் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். தாணம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூரியன் ஏறி மலை வெளிறி மறையும்வரை அவள் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "உங்களுக்க வீடு எந்தப் பக்கம் மக்கா?" என்று கேட்டாள்.

"மலைக்க இடது கைப் பக்கம் அம்மா. இங்கயிருந்து தெரியாது. நான் எப்பவும் அங்கோடுதான் பாப்பேன்."

மேல்தளத்திலிருந்து இறங்கும்போது, கப்பல் ஊழியரின் உறவினர் என்று சொன்னால் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்று அவரிடம் விசாரித்தேன். செயலாளர் எந்நேரமும் பணியில் இருக்க வேண்டும். குறையாது என்று சிரித்தவர், பேச்சோடு பேச்சாகத் தன் நிலையையும் சொன்னார். கம்பெனி தருகிற சம்பளம் சொற்பம். பயணிகளின் பில்லில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று சேரும் சேவைக் கட்டணத்தில் வரும் பங்குதான் பிழைப்பு. தங்கை ஜினிஷா நர்சிங் படிப்பது அதில்தான். இந்தத் தகவலை என் மூலமாக அறிந்த தலைவர், என்னைவிட ஆழமாக அதைப் பரிசீலித்தார்.

கடைசி நாள் மதியம் அவசரப் பொதுக்குழு கூடியது. இடம், உணவுக்கூடத்தில் புட்டிங் வைத்திருந்த மேசைக்குப் பக்கம். தலைவர் ஒரு மாபெரும் கண்டுபிடிப்பை வெளியிட்டார். சேவைக் கட்டணம் கட்டாயம் அல்ல. வரவேற்பு மேசையில் போய்க் கேட்டால் பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதுவரை நாம் பெற்ற சலுகைகள் அனைத்தும் கம்பெனி கொடுத்தவை. இதுவோ நாமே எடுத்துக்கொள்ளும் சலுகை என்றார். கைதட்டல் எழுந்தது.

தாணம்மாள் எழுந்து, "அது அந்தப் பிள்ளைக்கு உள்ளதுல்லா?" என்றாள்.

தலைவர் மிகுந்த கருணையோடு பதில் சொன்னார். அவருக்கு வேண்டியதை நாம் நேரில், நம் கையால், மரியாதையாகச் செய்வோம். கம்பெனி நடுவில் எதற்கு? கேப்டனுக்குப் போர்த்துவதற்காக நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்த பொன்னாடை, கேப்டன் அகப்படாததால் பெட்டியிலேயே இருந்தது. அதையும், மீதமிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டுகளையும் ஸ்டெனிக்கு அளிப்பதென்று தீர்மானமானது.

வரவேற்பு மேசையில் ஒரு சிறு சிக்கல். சேவைக் கட்டணத்தை நீக்க ஒரு படிவம் உண்டு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் ஏற்க மாட்டார்கள். மேசையில் இருந்த பெண்ணிடம் என்ன எழுதலாம் என்று கேட்டோம். சேவையில் குறை இருந்தால் நீக்கலாம், மற்றபடி இல்லை என்றாள்.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் என் தோளில் கை வைத்தார். "ஒரு கட்டத்த நெரப்புகதுதானவே. நெரப்பும்."

என் முப்பத்தாறு வருடப் பணிக்காலத்தில் ஒரு கட்டம்கூட நிரப்பாமல் என் மேசையைத் தாண்டியது கிடையாது. 'சேவை திருப்திகரமாக இல்லை' என்று ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இன்றி, பதினெட்டுப் படிவங்களிலும் எழுதினேன். தாணம்மாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தள்ளி நின்றாள். அறைக்கு ஒரு கையெழுத்துப் போதும் என்றார்கள். போட்டேன்.

சாயங்காலம் நடைபாதையில், துணி வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஸ்டெனிக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் தோள் குறுகி நின்றார். இப்படி யாரும் செய்ததில்லை சார் என்றார். அது உண்மைதான். தாணம்மாள் அவர் செல்போன் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டாள். அன்று முதல் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவருகிறாள்.

மூன்று மாதம் கழித்து அவளாக ஒன்று சொன்னாள். ஸ்டெனியைக் கப்பலிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒரே நடைபாதையில் பதினெட்டு அறைக்காரர்கள் ஒரே வார்த்தையில் புகார் எழுதினால் கம்பெனி வேறு என்ன செய்யும்? அவர் இப்போது இனயத்தில், மாமாவின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார். தங்கை படிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போல் கோப்பை மேலே அனுப்பினேன்.

தலைவர் வருந்தினார். அரை நிமிடம் இருக்கும். பிறகு அவர் முகம் மலர்ந்தது. கப்பலுக்குள் ஆறு வருடம் இருந்த ஆள் இனயத்தில் சும்மா இருக்கிறார் என்றால் பேரவைக்கு இதைவிட என்ன அதிர்ஷ்டம் வேண்டும்? அடுத்த கூட்டத்துக்கு 'உள்ளிருந்து ஓர் ஆய்வுரை' வழங்க ஸ்டெனியை அழைக்கும்படி எனக்கு உத்தரவானது.

ஸ்டெனி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. அன்று தாணம்மாளும் முதல் தடவையாக மாடி ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். உறுப்பினர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எந்தத் தளத்தில் ஆட்டம் குறைவு, எந்த மாதம் அறைகள் காலியாகக் கிடக்கும் என்றெல்லாம் விளக்கினார். படிவங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. இரு தரப்பிலும் நாகரிகம் இருந்தது.

முடிவில் தலைவர் முன்னால் சாய்ந்தார். "இதெல்லாம் நாங்களே கண்டுபிடிச்சதுதான் மக்கா. நீ உள்ள கெடந்தவன்லா. கம்பெனிக்காரன் வெளியே சொல்லாதது ஒண்ணு சொல்லு. கட்டணம் எப்ப ஒரேயடியா எறங்கும்?"

ஸ்டெனி அதற்கும் பதில் சொன்னார்.

"எங்கள மாதிரி வேலை பாக்க ஆளுவளக் குறைக்கும்ப எறங்கும் சார். பழைய ஆளுவள அனுப்பிட்டு, அதுல பாதிச் சம்பளத்துக்குப் புது ஆளுவள எடுப்பாவ. புகார் கூடின கப்பல்ல முதல்ல செய்வாவ. எனக்க கூட நாப்பது பேர அனுப்பியாச்சு. இப்பம் பாருங்க, எறங்கியிருக்கும்."

ஒவ்வொருவராக, எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

தாணம்மாள் எழுந்தாள். ஸ்டெனியின் கையைப் பிடித்து, "வா மக்கா, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று அவரை மாடிப்படியில் இறக்கிக் கூட்டிப்போனாள். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக அவள் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் தலைவர் தன் செல்போனை உயர்த்திக் காட்டிவிட்டார். அதே கப்பல், அதே நடைபாதை, அறுபது சதவீதம் தள்ளுபடி.

அன்றே பத்தொன்பது அறைகளுக்கும் பதிவு செய்தோம். தாணம்மாள் வரமாட்டாள் என்றாலும் அறை இருவருக்கானது என்பதால் அவள் பெயரையும் எழுதினேன். அன்றைய குறிப்பேட்டில் நான் எழுதிய கடைசி வாக்கியத்தைப் பேரவை எழுந்து நின்று கைதட்டி ஏற்றுக்கொண்டது: "இதுவரை கட்டணம் குறைவதற்காக நாம் காத்திருந்தோம், இம்முறை, வரலாற்றில் முதன்முறையாக, அதை நாமே குறைத்திருக்கிறோம்."