மிளகாய் பாய் மாடியும் என் ஒரே கோலும்

திண்டுக்கல்லில் கால்பந்தை மிளகாய் பாய் அளவுக்கு வெறுத்த மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. அந்த வெறுப்பில் முக்கால்வாசி என் கைங்கரியம். சரியாகச் சொன்னால், கால் கைங்கரியம்.

பிரியாணிக் கடைகளுக்கு மசாலா அரைத்துக் கொடுப்பது பாயின் தொழில். ஸ்டேடியத்தின் வடக்குச் சுவரை ஒட்டி அவர் வீடு. மொட்டைமாடி முழுக்க மிளகாய் வத்தல் காயும். நானோ, எங்கள் தெரு அணியில் ஆள் குறைந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளப்படும் ஃபார்வர்டு. நான் அடித்த பந்து கோலுக்குப் போகாது, பாய் வீட்டு மாடிக்குப் போகும்.

அடித்தவனே வந்து கேட்டால்தான் பந்தைத் தருவார். படியேறிப் போய்த் தலைகுனிந்து நிற்பேன்.

"ஏலே, அம்புட்டுப் பெரிய கோலு அங்கன நிக்குது. என் வத்தல்தான் உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"காத்து தள்ளிட்டு வந்துருச்சு பாய்."

"எந்தக் காத்து? ஒரு இலை அசையலையேடா!"

கீழே இரண்டு அணியும் இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கும்.

ஒரு போட்டியின் கடைசி நிமிடங்களிலும் வழக்கம்போல பந்தை மாடிக்கு அனுப்பினேன். அன்று அரைத்து வந்த மிளகாய்த் தூளைப் பாய் அங்கே ஆறப்போட்டிருந்தார். வந்த கோபத்தில் தூள் அப்பிய பந்தை அவரே மைதானத்துக்குள் வீசிவிட்டார். எதிரணி கோல்கீப்பர் அதை எடுத்து வைத்தார், முகத்து வியர்வையைத் துடைத்தார், "ஐயோ, கண்ணு!" என்று அலறினார். கண்ணை மூடிக்கொண்டு அவர் உதைத்த பந்து நேராக என் முழங்காலில் மோதித் திரும்பி, கோலுக்குள் உருண்டது. சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். மாடியிலிருந்து பாய் கத்தினார்: "அது என் கோலுடா!"

அதற்குப் பிறகும் ஸ்டேடியத்தை எடுக்கச் சொல்லி மனு கொடுப்பதை அவர் விடவில்லை. நாளடைவில் கேலரியில் விரிசல் விட்டுக் கம்பி தெரிந்தது, அணிகள் கலைந்தன, செம்மண் தரையில் சீமைக்கருவேலம் முளைத்தது. போன வருடம் கடைகள் கட்டுவதற்காக இடித்தார்கள். "ஜெயிச்சுட்டீங்க பாய்!" என்று தெருவே கை கொடுத்தது. பாய் மட்டும் மாடியில் நின்று ஜேசிபி டிரைவரிடம் சண்டை போட்டார்: "அந்தக் கோல் போஸ்ட்டையாச்சும் விட்டு வைங்கப்பா!"

போன மாதம் தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "செத்த நேரம் மாடிக்கு வந்துட்டுப் போ." தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மாடியெங்கும் வத்தல் காய்ந்தது. நடுவில் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்கு வெறும் தரை.

"இது எதுக்கு பாய் காலியாக் கெடக்கு?"

"உன் பந்து விழுற எடம்டா. நம்ம கோலுக்கு அப்புறம் அங்கன காயப்போடுறதில்ல. இனிமே பந்து வராதுன்னு தெரியுது. ஆனாலும் கை போக மாட்டேங்குது."

எங்கள் அணியில்கூட எனக்கென்று யாரும் இடம் வைத்திருந்ததில்லை. பாய் இத்தனை வருடமாக வைத்திருக்கிறார்.