பிறெஸ்ற் பீரங்கியும் எங்கட வீட்டு அந்தோனியாரும்

ஸ்காபரோ,
14.10.1994

அன்பிற்குரிய மச்சான் அன்புராசா அறிவது,

ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் நலம். உமது நலத்தை மரியாதைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே பயந்து கேட்கிறேன்.

நீர் பிரான்ஸில பிறெஸ்ற் கரையில பழைய பீரங்கிக்குத் துருக் கறள் சுரண்டிப் பெயின்ற் அடிக்கிற வேலை எடுத்து, அதோட நிண்டு படமும் பிடிச்சு அனுப்பினீர். இஞ்ச சனம் ஆரோ ஒருத்தன்ர காரில சாய்ஞ்சு நிண்டு படம் அனுப்பும். உமக்குப் பீரங்கிதான் அகப்பட்டது. 1902ஆம் ஆண்டுக் கடற்படைச் சாமான், கப்பலை உடைக்கேக்க கழட்டிக் கரையில கொங்கிறீற்றில இருத்தினவங்கள், பிறகு ஜெர்மன்காரனும் பிடிச்சு வைச்சிருந்தவன் எண்டு எழுதியிருந்தீர். வாசிச்சுச் சிரிச்சன். உம்மட அக்கா வேரோனிக்கா படத்துக்குப் பிறேம் போட்டு ஹோலில அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில வைச்சா.

அங்கதான் கரைச்சல் துவங்கினது. முதல் நாள் குழல் கடலைப் பாத்துக்கொண்டிருந்தது, நீர் தூரத்தில பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டீர். அடுத்த நாள் மிசிசாகாவில வேலை முடிஞ்சு வந்து தேத்தண்ணியோட இருந்து பாக்கிறன், குழல் கொஞ்சம் இஞ்சால திரும்பியிருக்கு. கண்ணாடியைத் துடைச்சன். மூண்டாம் நாள் இன்னும் கொஞ்சம், நீரும் ஒரு அடி முன்னுக்கு. நாலாம் நாள் அந்தோனியாரைக் குறி வைச்சுது, நான் அவரைத் தூக்கி ரீவிக்கு மேல வைச்சன். எட்டாம் நாள், நேற்று, வாய் நேர என்ர சோபாவுக்கு. நீர் அந்த வாய்க்குள்ள கையை விட்டுக்கொண்டு நிக்கிறீர், முகத்தில சிரிப்பே இல்லை. நான் குசினியில நிண்டுதான் சாப்பிட்டன். அக்காவுக்கு இதைப் பற்றி மூச்சும் விடேல்லை, பயந்துபோவா. அந்த இரும்பு எத்தினை பேரைத் திண்டதோ, ஆருக்குத் தெரியும். வேலையை விடும். கோப்பை கழுவினாலும் பரவாயில்லை, உயிரோட இருந்தால் போதும்.

மாதாவின் காவல் உம்மைச் சூழ்ந்திருப்பதாக.

உமது அத்தான்,
யேசுரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக அக்கா பறிச்சு வாசிச்சு, விழுந்து விழுந்து சிரிச்சா. நீர் அனுப்பினது ஒரு படமில்லையாம், எட்டுப் படமாம். உமக்கு அங்க விசா கிடைக்க அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபம், நவநாள் பிடிக்கிறாவாம். விடிய வேலைக்குப் போக முன்னம் நாளுக்கொரு படம் மாத்தி வைச்சு மன்றாடினவவாம். நான் பகிடி பண்ணுவன் எண்டு எனக்குச் சொல்லேல்லையாம். பீரங்கி திரும்பேல்லை, படம் பிடிச்சவன்தான் சுத்திச் சுத்தி நிண்டு பிடிச்சிருக்கிறான். ஆகவே மேல எழுதினது எல்லாத்தையும் மறந்துவிடும், வேலையை விடாதேயும்.

இண்டைக்கு ஒன்பதாம் நாள், வேற படம் இல்லாதபடியால் மாத்தேல்லை எண்டு சொல்லிக்கொண்டே அக்கா பிறேமைப் பாத்தா. சிரிப்பு நிண்டுபோச்சு. பீரங்கி மட்டும் நிக்குது. உம்மைக் காணேல்லை.

அப்ப துவக்கம் உமக்கு ரெலிபோன் அடிக்கிறம். எடும் மச்சான்.