மாப்பிள்ளையின் மிஷினும் காணாமல் போன வாஷரும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசியுடனும் மரியாதையுடனும் சற்றுக் குழப்பத்துடனும் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்கிறோம். உங்கள் மனைவியும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் “எப்படிம்மா இருக்க?” என்று கேட்டால், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதை நலம் என்று எடுத்துக்கொள்வதா கூடாதா என்று எனக்குப் புரியவில்லை. அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளவும். உங்கள் நலத்தைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூன்று வாரமாக விழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது முழுக்க முழுக்க உங்கள் காபி மிஷின் சம்பந்தப்பட்ட கடிதம். உங்கள் இருவருக்கும் நடுவில் நடந்ததில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு சின்னது. கூடத்தில் இருமினால் சமையலறையில் “தண்ணி வேணுமா?” என்று குரல் வரும். உங்களோடு பேசியது அவள் காதில் விழுந்தால் பிறகு என்னோடும் பேச மாட்டாள். அதனால் காலை நடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தொடையின்மேல் அட்டை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் டாக்சி வந்து நின்றது. உங்கள் மனைவி முன் சீட்டில் இருந்தாள். பின் சீட்டில் குளியல் துண்டு போர்த்தி, சீட் பெல்ட் மாட்டி யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள்தான் உடம்பு சரியில்லாமல் சாய்ந்திருக்கிறீர்களோ என்று பதறிப்போய் கதவைத் திறந்தேன். துண்டை விலக்கினால் மிஷின். பெட்டி ஒன்று, மிஷின் ஒன்று, வேறு சாமான் இல்லை. சாப்பாட்டு மேசைமேல் அதை இறக்கி வைத்து, “அப்பா, இதை யாரும் தொடக்கூடாது” என்றாள். “நீ டீதானேம்மா குடிப்ப, இதை எதுக்குத் தூக்கிட்டு வந்த?” என்று கேட்டேன். “அதுக்குத்தான்” என்றாள். எதுக்குத்தான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காரணத்தை உங்கள் அத்தைதான் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கிச் சொன்னாள். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நீங்கள் மிஷின் முன்னாலேயே நிற்கிறீர்களாம், தராசில் காபிக் கொட்டையை நிறுத்துப் போடுகிறீர்களாம். “காலையில எழுந்ததும் முதல்ல என் முகத்தைப் பார்க்கறீங்களா, அந்த மீட்டரைப் பார்க்கறீங்களா?” என்று அவள் கேட்டாளாம். நீங்கள் யோசித்தீர்களாம். மாப்பிள்ளை, நான் தலையிட மாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதிலிருந்து மாறவில்லை. ஆனால் முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் இதை மட்டும் சொல்கிறேன்: அது யோசிக்கிற கேள்வி அல்ல.

இப்போது மிஷினுக்கு வருகிறேன். நான்காம் நாள் உங்கள் அத்தை, “சும்மாவே கிடந்தா துருப்பிடிச்சிடுங்க, போட்டுத்தான் பாருங்களேன்” என்றாள். ஓய்வு பெறும்வரை நான் குடிநீர் வழங்கும் பம்ப் ஹவுஸில் மேற்பார்வையாளனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு ஊருக்கே தண்ணீர் ஏற்றியவனுக்கு இரண்டு சாண் மிஷின் ஒரு பொருட்டா என்று உட்கார்ந்தேன். கையேட்டில் பதினோரு மொழிகள் இருந்தன. நம் மொழி பன்னிரண்டாவதாக இருந்திருக்க வேண்டும், அதற்குள் தாள் தீர்ந்துவிட்டது போலும். படத்தைப் பார்த்துத்தான் வேலை. முதல் நாள் பம்ப் உறுமியது, தண்ணீர் வரவில்லை. பின்னால் இருக்கும் தொட்டி சரியாக உட்காரவில்லை என்று அரைமணியில் கண்டுபிடித்து அழுத்தினேன், வந்தது. கொட்டை எவ்வளவு நைசாக அரைய வேண்டும் என்று காட்டும் எண்ணை எட்டில் வைத்து, தூளைக் கிண்ணத்தில் போட்டு அமுக்கி, கைப்பிடியை மாட்டி சுவிட்சைத் தட்டினால் அழுத்த மீட்டரின் முள் ஒன்பதில் போய் அசையாமல் நின்றது. இருபத்தெட்டு வினாடியில் காபி தேன் மாதிரி இறங்கியது. உங்கள் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், கல்யாணமான புதிதில் பார்த்தது. உங்கள் மனைவி மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இப்படி ஐந்து நாள் ராஜபோகமாகப் போயிற்று. ஆறாம் நாள் காலையில் சுவிட்சைத் தட்டுகிறேன், ஆறே வினாடியில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுகிறது, முள் இரண்டைத் தாண்டவில்லை. பம்ப் போய்விட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் எட்டில் வைத்த எண் இருபதில் நிற்கிறது. தூள் ரவை மாதிரி இருந்தால் தண்ணீர் எங்கே நிற்கும்? சாப்பிடும்போது இதைச் சொன்னேன். உங்கள் அத்தை மகளைப் பார்த்துக்கொண்டே, “மாப்பிள்ளையைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு” என்றாள். மகள் தட்டைப் பார்த்தாள். “யாரையும் கேக்க வேண்டாம், நானே சரி பண்ணிட்டேன்” என்று நான் பெருமையாகச் சொன்னேன். உடனே உங்கள் அத்தை என்னை முறைத்தாள். ரிப்பேரைச் சரிசெய்தவனை எதற்கு முறைக்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து நீராவிக் குழாயிலிருந்து பால் சூடாக்க நீராவி வரவில்லை. ஊசியால் குத்தினேன், வெள்ளையாக ஒரு கட்டி வந்தது. பால் காய்ந்து அடைத்திருக்கும் என்று நினைத்தேன், ஆனால் அது பிசைந்த கோதுமை மாவு மாதிரி இருந்தது. குத்தி எடுத்தேன், ஊதியது. மறுபடி முறைப்பு. அதற்கடுத்து தொட்டி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது, பம்ப் வெறும் காற்றை இழுத்துக் கத்தியது. அழுத்தினேன், சரியாயிற்று. மறுபடி முறைப்பு. மிஷினில் உப்புப் படிந்து இப்படிப் படுத்துகிறதோ என்று சிட்ரிக் ஆசிட் கரைத்து உள்ளே ஓட்டிக் கழுவினேன். பம்ப் ஹவுஸில் எழுதுவது போல ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, நேரம், கோளாறு, செய்த வேலை என்று எழுதத் தொடங்கினேன். எட்டு நாளில் ஆறு கோளாறு. ஒரே கோளாறு இரண்டு தடவை வந்ததில்லை. இப்படி ஒழுங்காகக் கெட்டுப்போகிற மிஷினை என் சர்வீஸில் நான் கண்டதில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை கைப்பிடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் காபி ஒழுகியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷரையே காணோம். தேய்ந்துபோன வாஷர் பார்த்திருக்கிறேன், கிழிந்தது பார்த்திருக்கிறேன், கரைந்து மறைந்த வாஷரைப் பார்த்ததில்லை. அவசரத்துக்கு ஒரு பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். முதல் கோப்பையில் சைக்கிள் வாசனை வந்தது. இரண்டாவது கோப்பை வரவில்லை. டமார் என்று கைப்பிடி தெறித்து, தூள் எல்லாம் என் சட்டையிலும் கூரையிலும் காலண்டரிலும் அப்பிக்கொண்டது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். காலண்டரில் மட்டும் இந்த மாதத்தின் கடைசி வாரம் தெரியவில்லை.

சத்தம் கேட்டு உங்கள் மனைவி ஓடிவந்தாள். முதலில் என்னைத் தடவிப் பார்த்தாள், பிறகு மிஷினைத் தடவிப் பார்த்தாள். “அவர் இருந்தா சத்தத்தை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவாரு” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “நான் மிஷினைப் பத்தித்தான் பேசறேன்” என்றாள். நானும் மிஷினைப் பற்றித்தான் என்று தலையாட்டினேன். யாரும் தொடக்கூடாது என்று சொன்னவள்தான், தினமும் காலையில் நாங்கள் எழுவதற்கு முன் ஈரத்துணியால் அதைத் துடைத்து வைக்கிறாள். ஒரு நாள் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது கண் கலங்கி நின்றாள். கேட்டதற்கு, கண்ணில் நீராவி பட்டுவிட்டது என்றாள். மாப்பிள்ளை, மிஷினுக்கு அப்போது சுவிட்சே போடவில்லை.

புதன்கிழமை மிக்ஸி ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். தெருவில் அவரைத் திருகாணி என்றுதான் கூப்பிடுவோம். அவர் டார்ச் அடித்து, தலைகீழாகக் குனிந்து, நாலு தடவை “ம்ம்” போட்டார்.

“சார், இது தானா கழண்ட வாஷர் இல்ல. நெம்பி எடுத்திருக்காங்க. இங்க பாருங்க, கீறல்.”

“வீட்டுல மூணு பேர்தானேப்பா. யாரு எடுப்பா?”

“மிஷினைத் தினமும் யாரு கழட்டி மாட்டறது?”

“நான்தான்.”

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானே கழற்றிவிட்டு நானே மறந்துவிடுகிறேனோ? என் கையே எண்ணைத் திருப்பிவிட்டு மறுநாள் என்னையே தேடவைக்கிறதோ? இந்த வயதில் இப்படி ஆரம்பிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். இன்று என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றார். இரண்டுவரை வந்துவிட்டேன். அறுபத்தைந்தில் டாக்டர்தான் “தப்பு” என்றார், பிறகு பேப்பரில் போட்டுப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். “உங்களுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல எதாவது கவலையா?” என்றார். “காபி மிஷின்ல வாஷர் காணோம்” என்றேன். அதற்கு அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வாஷருக்கா எனக்கா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, தயவுசெய்து பதில் எழுதவும். வாஷர் என்ன அளவு? அரைக்கும் எண் தானாகத் திரும்புமா? கோதுமை மாவு எப்படி மிஷினுக்குள் வரும்? உங்கள் வீட்டில் இருந்தபோதும் இது இப்படித்தான் படுத்தியதா? ஆம் என்று ஒரு வார்த்தை எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நேரில் வந்து பார்த்தால் இன்னும் நல்லது. மிஷினைத்தான் சொல்கிறேன். வேறு யாரையாவது பார்க்க நேர்ந்தால் அது உங்கள் சொந்த விஷயம், நான் பூங்காவுக்கு வந்துவிடுகிறேன்.

நீங்கள் நெடுநாள் நோயின்றி, மனக்கசப்பின்றி, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புள்ள மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதற்கும் பதில் எழுத வேண்டாம். உறையை ஒட்டப் பசை எடுக்க வீட்டுக்கு வந்தேன், உங்கள் அத்தை கையும் களவுமாகப் பிடித்துக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். நான் டாக்டரிடம் போன பகுதி வந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய்த் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து வாஷரை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹேர்பின்னால் நெம்பினாளாம். எண்ணைத் திருப்பியது, மாவு வைத்தது, தொட்டியைத் தூக்கியது எல்லாம் அவளே. “மிஷின் கெட்டா இவ புருஷனுக்குப் போன் பண்ணுவான்னு பார்த்தேன். நான் கெடுக்கக் கெடுக்க நீங்க சரி பண்ணிக்கிட்டே இருக்கீங்க! உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு யாருங்க சொன்னா? கெட்டிருந்தா எனக்கு இத்தனை கஷ்டமே இல்லையே!” என்று அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் எட்டு நாளாக நான் போட்ட நோட்டை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இதையெல்லாம் உங்கள் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வெளியே வந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். “சாப்டீங்களா?” என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அதற்குமேல் கேட்கவிடாமல் உங்கள் அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இறங்கி வந்தவள் நீங்கள் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். வாஷரைப் பற்றிக் கேட்டாயா என்றேன். “ஐயோ, மறந்தே போச்சுப்பா” என்றாள்.

ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லை, அனுப்புகிறேன். தபால் திங்கட்கிழமைதான் சேரும், அதற்குள் நீங்கள் இருவரும் வீடு திரும்பியிருப்பீர்கள். தபால்காரர் வந்தால் நீங்களே ஓடிப்போய் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் கண் கலங்கியதை உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால், அடுத்த டாக்சியில் அவள் என்னோடு சண்டை போட வந்துவிடுவாள்.